முப்பிடாதியம்மாளின் நெருஞ்சில் தண்ணீர்

தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்குக் கீரைக் கூடை சுமந்து வரும் பெண்கள் அந்த நாளில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மற்றவர்களெல்லாம் வெறும் கீரைக்காரிகள். "முப்பிடாதி இன்னும் வரலையா?" என்று பெயர் சொல்லி விசாரிக்கப்பட்டவள் ஒருத்திதான். அந்த வித்தியாசம் அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரியாதவள் போல நடிக்கும் அடக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. கூடையை இறக்கும் சத்தத்திலேயே வந்திருப்பது யார் என்று மூன்றாம் மாடிவரை தெரிந்துவிடும்.

கூடையின் மேலே அரைக்கீரையும் முருங்கையும் இருக்கும். அடியில் ஈரத்துணியில் சுற்றிய முடிச்சு ஒன்று இருக்கும். அதை யாரும் சத்தமாகக் கேட்டு வாங்க மாட்டார்கள். புருஷன் ஆபீஸுக்குக் கிளம்பிய பிறகு, கீரையைப் புரட்டிப் பார்ப்பது போலக் குனிந்து, "அது இருக்கா?" என்பார்கள். அது என்றால் நீர்க்கடுப்பு மருந்து.

அவளுக்கு வைத்தியப் பரம்பரை ஏதும் கிடையாது. கேட்டால் அவளே சொல்வாள், தனக்கு ஒரு நோய் தெரியும், அதற்கு ஒரு மருந்து தெரியும், அவ்வளவுதான் என்று. தலைவலிக்கு மருந்து கேட்டு வந்தவளை டாக்டரிடம் போகச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். நீரில் ரத்தம் வந்தாலோ, கூடவே காய்ச்சல் அடித்தாலோ, முடிச்சை அவிழ்க்கவே மாட்டாள். முதலில் ஆஸ்பத்திரி என்று விரட்டுவாள். இவ்வளவு கொஞ்சமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு இவ்வளவு கர்வப்பட்டவள் தாராவியில் வேறொருத்தி இல்லை. கர்வப்பட அவளுக்குக் காரணமும் இருந்தது.

அந்த நோய் முதலில் அவளுடையது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து சுயம்புவைக் கட்டிக்கொண்டு பம்பாய்க்கு வந்தவள், அவன் தோல் அலசிய கம்பெனியிலேயே தோல் காயப்போடும் வேலைக்குச் சேர்ந்தாள். நாற்பது குடிசைக்கு ஒரு சண்டாஸ், அதாவது பொதுக் கக்கூஸ். விடிந்தது முதல் ஆண்கள் டப்பாவும் கையுமாக அங்கே வரிசை கட்டி நிற்பார்கள். பெண்களுக்கு விடியுமுன் ஒரு தடவை, பொழுது சாய்ந்து ஒரு தடவை. நடுவில் பன்னிரண்டு மணி நேரம் அடக்கியாக வேண்டும். அதற்கு அந்தப் பெண்கள் கண்டுபிடித்த உபாயம், தண்ணீரே குடிக்காமல் இருப்பது. மே மாத வெயிலில் உப்புத் தோலைப் புரட்டிக்கொண்டு ஒரு மிடறு தண்ணீர் தொண்டையில் படாமல் பொழுதைக் கழிப்பவளைச் சமர்த்து என்று மெச்சிக்கொண்டார்கள். சமர்த்துக்குக் கிடைத்த கூலி மூன்றாம் வருஷம் வந்து சேர்ந்தது. முப்பிடாதிக்கு அடிவயிறு எரிய ஆரம்பித்தது. அரை மணிக்கொரு தரம் முட்டும். போனால் நாலு சொட்டு, அதுவும் மிளகாய் அரைத்துவிட்டது போல. இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

பக்கத்துக் குடிசை சைனப் தன் புருஷனின் கல்லடைப்புக்கு மாஹிம் கடையிலிருந்து கோக்ரு என்று ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். பிரித்துப் பார்த்த முப்பிடாதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் காலில் குத்தும்போதெல்லாம் வைதுகொண்டே பிடுங்கிப் போட்ட நெருஞ்சி முள்தான் இங்கே காசு கொடுத்து வாங்கும் சரக்காக வந்திருந்தது. கல்லடைப்புக்குக் கேட்பது கடுப்புக்கும் கேட்குமா என்று பார்த்துவிடுவது என முடிவு செய்தாள். முதலில் பதினைந்து நாள் வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தாள். அடுத்த பதினைந்து நாள் நெருஞ்சில் போட்ட தண்ணீர். பிறகு ரயில் பாதை ஓரத்தில் பூத்துக் கிடந்த சிறுபீளை போட்டது. கடைசியில் இரண்டும் சேர்த்தது. எது எவ்வளவு கேட்டது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இரண்டையும் நசுக்கி ஒரு பெரிய செம்புத் தண்ணீரில் போட்டு, ஒரே ஒரு கொதி வந்ததும் இறக்கி, வெளிறிய தண்ணீராகக் காலையில் ஒரு செம்பு, மத்தியானம் ஒரு செம்பு. அதுதான் அவள் கண்ட மருந்து. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவள் உடம்பே அவளுக்கு ஏடு. ஆனால் சண்டாஸுக்கு வழி இல்லாத இடத்தில் அவ்வளவு தண்ணீரைக் குடித்து எப்படிச் சமாளித்தாள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கும் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். இடம் வரும்போது சொல்ல வேண்டியது.

பிறகு தோல் வேலையை விட்டுக் கீரைக் கூடை எடுத்தாள். 1944-இல் அந்தக் கூடைக்கு ஒரு சோதனை வந்தது.

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் அம்மிணி என்ற பாலக்காட்டு அம்மாள் குடியிருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம். மூத்த மகள் ஷ்யாமளாவுக்கு இருபத்துமூன்று வயது. யுத்தத்துக்கென்று கோட்டைப் பகுதியில் திறந்திருந்த ஒரு சப்ளை ஆபீஸில் டைப்பிஸ்ட். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது, இரண்டு தம்பிகள் பள்ளிக்கூடம் போனார்கள். வேலை டெம்பரவரி. தை மாதம் நிரந்தரம் செய்யப் போகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றரை வருஷமாக நீர்க்கடுப்பு. மாதம் தவறினாலும் அது தவறாது. வந்தால் மூன்று நாள் லீவு. இன்னும் லீவு எடுத்தால் பெயரை அடித்துவிடுவோம் என்று ஆபீஸில் இரண்டு தடவை சொல்லிவிட்டார்கள்.

தெருமுனையில் டாக்டர் வெங்கடேஸ்வரன் இருந்தார். தப்பு சொல்ல முடியாத மனுஷர். சல்பா மாத்திரை கொடுத்தார், கேட்டது, மாத்திரை தீர்ந்த மாதம் திரும்ப வந்தது. மூத்திரப்பை உள்ளேயே புண்ணாகி நாள்பட்டுவிட்டது, குழாய் விட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றார். அம்மிணி பயந்துபோய், கீரைக்காரி ஒரு மருந்து தருகிறாளாமே என்று இழுத்தாள். "அது களை. மாட்டுக்குக்கூடப் போட மாட்டா" என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

டாக்டர் சொன்னது மறுநாள் காலையிலேயே கூடை இறங்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. முப்பிடாதிக்கு முகம் சிவக்கிற நிறம் இல்லை, குரல்தான் சிவந்தது. படிக்கட்டு நடுவில் நின்று மூன்று மாடிக்கும் கேட்கச் சொன்னாள்: "இருவத்தொரு நாளு. அதுக்குள்ள இந்தப் பிள்ளைக்கு எரிச்சல் நிக்கலேன்னா, முப்பிடாதி இனி மாட்டுங்காவுக்குள்ள கூடை எறக்க மாட்டா."

அம்மிணி முடிச்சை வாங்கிக்கொண்டாள். சுயம்பு சங்கதி தெரிந்து தலையில் கை வைத்துக்கொண்டான். தவளையும் தன் வாயால் கெடும் என்றான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபத்தொரு நாளும் சயான் கோட்டைக்குப் பின்னால் போய்ப் புதுசாகப் பறித்து வந்து, மூன்று நாளுக்கு ஒரு முடிச்சாகக் கொடுத்தாள்.

பதினெட்டாம் நாள் ஷ்யாமளா சுருண்டு படுத்துவிட்டாள். முன்னெப்போதையும் விட மோசம். ஆபீஸிலிருந்து காகிதம் வந்தது. தைக்குள் டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவர வேண்டும். நோய் தீர்ந்துவிட்டது, இனி வராது என்று அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை. கட்டிடத்தில் வாய் ஓயவில்லை. களையைக் கொடுத்துக் குடியைக் கெடுத்தாள் என்று ஒருத்தி சொன்னாளாம்; அதுவும் போன வாரம்வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவள்.

இருபத்திரண்டாம் நாள் முப்பிடாதி வந்தாள். தலையில் கூடை இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று நேரில் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாள். ஆனால் வழியெல்லாம் ஒன்று அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. தாராவியில் எத்தனையோ பேருக்குக் கொடுத்தாயிற்று. மாட்டுங்காவிலேயே மூன்று பேர், மூவருக்கும் கேட்டது. இந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏன் இப்படி? கேட்காமல் போனவர்களும் உண்டுதான். ஆனால் குடித்து அதிகமானது என்பது அவள் கண்டறியாதது.

வாசலில் நின்று, அந்த மருந்தைக் கொஞ்சம் காட்டச் சொன்னாள். அவள் அந்த வீட்டு நிலைப்படி தாண்டியதே இல்லை, தாண்டவும் விட்டதில்லை. அம்மிணி முகத்தைத் திருப்பிக்கொண்டே உள்ளே போய் ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். உள்ளே ஒரு அவுன்ஸ் அளவுக்கு, மை போல, கருப்பாக ஏதோ இருந்தது.

முப்பிடாதி குனிந்து மோந்து பார்த்தாள். "இது என்னதும்மா?"

"கஷாயம்தான். பதினாறு பங்கு ஜலம் விட்டு, எட்டிலொண்ணாக் குறுக்கி, துணியில வடிகட்டி, பக்குவமா வெச்சிருக்கேன். எங்காத்துல தலைமுறை தலைமுறையாக் கஷாயம் வெச்சவாளாக்கும். பத்தியமும் கேட்டுக்கோ, மோர்கூடக் குடுக்கலை. ஜலமும் அளந்துதான்."

முப்பிடாதி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு செம்புத் தண்ணீர், ஒரு கொதி என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். கீரைக்காரிக்குக் கஷாயப் பக்குவம் என்ன தெரியும் என்று அம்மிணி அதைத் திருத்திக்கொண்டிருந்தாள். கெட்ட எண்ணத்தால் இல்லை. மருந்து என்றால் அதற்கு உண்டான மரியாதையைக் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு. நாலு மணி நேரம் அடுப்படியில் நின்று, இருந்த தண்ணீரையெல்லாம் ஆவியாக்கி, எரிகிற பைக்கு விழுதைக் கொடுத்திருக்கிறாள். முன்னால் குணமான மூன்று பேரும் வீட்டுக்குத் தெரியாமல் குடித்தவர்கள். திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிறவளுக்கு எட்டிலொன்றாகக் குறுக்க நேரம் ஏது? ஒரு கொதியில் இறக்கி மளமளவென்று குடித்துவிட்டார்கள், பிழைத்தார்கள். இந்த வீட்டில் மரியாதையே வினையாகிப் போனது.

விஷயத்தை விளக்கியதும் அம்மிணிக்கு அழுகை வந்தது. தன் கையாலேயே மகளுக்குக் கெடுதல் செய்துவிட்டோமே என்று கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். முப்பிடாதி அவளைச் சமாதானப்படுத்தி, இன்னொரு இருபத்தொரு நாள் தரச் சொன்னாள். தன் வாக்குக்கு வாய்தா கேட்பது அவளுக்குப் பிடிக்காத காரியம். இருந்தாலும் கேட்டாள்.

அப்போதுதான் உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு ஷ்யாமளா வந்தாள். வெளிறிப்போயிருந்தாள். அவ்வளவு தண்ணீர் தன்னால் குடிக்க முடியாது என்றாள். ஏன் என்று அம்மா கேட்க, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். காலை எட்டரைக்கு லோக்கல் ஏறினால் வீடு திரும்ப ஆறரை. ஆபீஸில் துரைசானிகளுக்கு என்று ஒரு கக்கூஸ் உண்டு, அது பூட்டியிருக்கும். ஆண்களுக்கு மூன்று உண்டு. இவளையும் சேர்த்து நாலு பெண்களுக்கு ஒன்றும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் காலைக் காபியோடு சரி, பிறகு வாயில் ஒரு சொட்டு ஜலம் விடுவதில்லை.

முப்பிடாதிக்குத் தோல் காயும் மைதானம் கண்முன் வந்தது. மச்சு வீட்டில் இருந்தால் என்ன, டைப் அடித்தால் என்ன, பெண்ணுக்குக் கதி ஒன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"நாங்களும் அப்படித்தான் கெடந்தோம்மா. பொறவு எட்டுப் பொம்பளைய சேந்து மேஸ்திரி முன்னால போயி நின்னோம். எங்களுக்கு ஒரு மறைப்புக் கட்டித் தாங்க, இல்லேன்னா நாளைக்குத் தோலு காயாதுன்னு சொன்னோம். அவனுக்கு வெக்கம் தாங்கலை. சாக்குத் துணியில சுத்தி மறைச்சு, சாயங்காலத்துக்குள்ள கட்டிக் குடுத்தான். ஒத்தையாப் போயிக் கேக்காதிய, நாலு பேரும் சேந்து கேளுங்க. நாம வெக்கப்பட்டா மூத்திரப்பை நமக்காகப் பொறுத்துக்கிடுமா?"

இதுதான் அவள் செய்த காரியம். மருந்தைக் கண்டுபிடித்ததைவிட இதைச் சொல்லும்போதுதான் அவள் கழுத்து இன்னும் கொஞ்சம் நிமிரும்.

ஷ்யாமளா அடுத்த திங்கட்கிழமை அந்த நாலு பேருக்குமாக ஒரு கடிதம் டைப் அடித்தாள். நாலு பேரும் கையெழுத்துப் போட்டு, நாலு பேருமே சேர்ந்து கொண்டுபோய் சூப்பரிண்டெண்டின் மேஜையில் வைத்தார்கள். அந்த மனுஷர் படித்து முடித்த பிறகும் காகிதத்தை முகத்துக்கு முன்னாலிருந்து இறக்கவே இல்லையாம். பத்து நாளில் ரெக்கார்டு ரூமுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த ஒன்றைச் சுத்தம் செய்து, உள்தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார்கள். கேட்டால் கிடைக்கக்கூடியதைக் கேட்காமல் ஒன்றரை வருஷம் எரிந்தோமே என்று அந்தப் பெண்களுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

பிறகு செம்புக் கணக்கில் மருந்து ஆரம்பித்தது. ஆபீஸுக்கு ஒரு கூஜாவில் எடுத்துப்போனாள். முதல் வாரம் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. முப்பிடாதிக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் வாரம் முட்டுவது குறைந்தது. மூன்றாம் வாரம் எரிச்சல் நின்றது. மருந்தை விடாமல் கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் கழிந்தன. கடுப்பு எட்டிப் பார்க்கவில்லை. டாக்டர் சோதித்த நீரில் சீழ் இல்லை.

ஆனால் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட டாக்டர் வெங்கடேஸ்வரன் தயங்கினார். அவர் பொய்ச் சர்டிபிகேட் கொடுத்தவர் என்று மாட்டுங்காவில் ஒரு பிராணி சொல்ல முடியாது. இன்று நன்றாயிருக்கிறது என்று எழுதலாம்; இனி வராது என்று எப்படி எழுதுவது? அந்தக் கீரைக்காரியை அழைத்து வரச் சொன்னார்.

டாக்டரின் டிஸ்பென்ஸரி அவர் வீட்டின் முன்னறை. உள்ளே போக ஒரு திரை. அம்மிணியும் ஷ்யாமளாவும் ஒரு பக்கம் நின்றார்கள். முப்பிடாதியை அவர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவளும் பிகு பண்ணாமல் உட்கார்ந்தாள். என்னென்ன போடுகிறாள், எவ்வளவு, எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, அவ்வளவு வெறும் தண்ணீரைக் குடித்திருந்தாலே சரியாகியிருக்குமோ என்று கேட்டார். மட்டம் தட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இருக்கலாம்யா. எனக்கு வெறும் தண்ணியில பாதி நின்னுது. நெருஞ்சியும் பீளையும் போட்ட பொறவு முழுசும் நின்னுது. அடுத்தவ உடம்புல எது கேட்டுதுன்னு நான் எப்படிச் சொல்ல?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒரு பதிலை அவர் படித்தவர்களிடம்கூட அதிகம் கேட்டதில்லை. குரல் தணிந்து, ஒரு வருஷத்துக்கு மேல் திரும்ப வராமல் இருப்பவர்கள் யாராவது உண்டா என்று விசாரித்தார். தாராவியில் நிறையப் பேர், மாட்டுங்காவிலேயே மூன்று பேர் என்றாள். அந்த மூவரில் ஒருத்தியின் பெயரைச் சொன்னால் போதும், தானே நேரில் விசாரித்துக்கொண்டு, இன்றைக்கே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

அந்த மூவரில் ஒருத்தி திரைக்குப் பின்னால் அந்த வீட்டுச் சமையலறையில்தான் இருந்தாள். டாக்டரின் மனைவி விஜயலக்ஷ்மி. போன வருஷம் கீரையைப் புரட்டிக்கொண்டே, "அவருக்குத் தெரியவேண்டாம்" என்று கண் கலங்கிச் சொல்லி வாங்கியவள். ஒரு பெயர் சொன்னால் ஷ்யாமளாவுக்கு வேலை நிலைக்கும். களை என்ற பேச்சும் இன்றோடு தொலையும். அம்மிணி கும்பிடாத குறையாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பிடாதிக்குப் பெயர் வாய்வரை வந்தது.

"பேரு சொல்லமாட்டேன்யா" என்றாள். "என்னைய நம்பிப் புருசன்மாருகிட்டகூடச் சொல்லாததைச் சொன்னவுக. அதை வெளிய விட்டுட்டேன்னா, நாளைக்கு எவ எங்கிட்ட வாயத் தொறப்பா? இந்தப் பிள்ளைக்கு நீங்க எழுதுத மாதிரி எழுதுங்க. எனக்கு வேற வழி தெரியலை."

ஷ்யாமளா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் குறிப்பு எழுதிய காகிதத்தை மடித்தார்.

திரை விலகியது. விஜயலக்ஷ்மி ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து, கணவரின் மேஜைக்கு எதிரே நின்றாள்.

"கேட்டேளா, அந்த மூணு பேர்ல ஒருத்தி நான்தான். பதினாலு மாசமாறது. ஒரு தடவைகூடத் திரும்பி வரலை."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார். "எங்கிட்ட ஏன் சொல்லலை, விஜயம்?"

"நீங்க கேக்கலை" என்றாள் அவள்.

அவர் மடித்த காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, சர்டிபிகேட் தாளை முன்னால் இழுத்து, பேனாவைத் திறந்தார். அவர் எழுதி முடித்துக் கையெழுத்துக் காயும்வரை முப்பிடாதி அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.